வெட்டிக் கொடுத்த ஒன்பது மணி நேரம்

ஆத்தா செல்வி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாக இல்லை. போன மாதம் பத்து நாள் போடியில் என்னோடு இருந்தாயே, உனக்குப் பிடிக்குமென்று நான் வைத்த கருவாட்டுக் குழம்பை இரண்டு கவளத்தோடு தள்ளிவிட்டு எழுந்தாயே, அப்போதே தெரிந்துவிட்டது. இதைப் போனில் சொல்லியிருப்பேன். பாதியில் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்குள் ஒரு தடவையாவது படித்துவிடுவாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, நீயே படி. வருகிற திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்றாய். அதற்குள் இது உன் கைக்கு வந்து சேருமா என்று கொரியர்காரனிடம் இரண்டு தடவை கேட்டு வைத்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் நான் அடுப்படி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். நீ லேப்டாப்பில் எதையோ தட்டிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். அம்மாவுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தாயோ என்னவோ. பேசியது உன் குழுவில் வேலை பார்க்கிற விமலா. அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

"அக்கா, அந்த ஒம்பது மணி நேரத்த நான் வெட்டித்தானே குடுத்தேன்?"

நீ தட்டுவதை நிறுத்தினாய். "எனக்கு ஞாபகமில்ல விமலா."

"நீங்கதான்க்கா திரும்பச் சேத்தீங்க. அத வெட்டுனா கேலக்ஸியே காணாமப் போகுதுன்னு சொன்னீங்க."

"எத்தனையோ நாள் பாத்திருக்கோம். எதுன்னு ஞாபகம் வச்சுக்கிறது? எழுதி வச்சிருக்கியா?"

அப்புறம் அவள் கேட்டாள்: "நீங்க சொன்னா, அத எழுதி வாங்கிக்கிறணுமாக்கா?"

நீ போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாய். நான் கீரையிலிருந்து தலை நிமிரவில்லை. என் வயிற்றில் பிறந்தவளுக்கு ஞாபகம் இல்லையாம்! ஏழாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எந்த நிறத்தில் ரிப்பன் கட்டினாள் என்று நாற்பத்தொரு வயதில் சொல்கிறவள் நீ. எனக்கும் உனக்கும் மறதி என்பது வராத நோய். நமக்கு ஞாபகமில்லை என்றால், சொல்ல விருப்பமில்லை என்று அர்த்தம்.

உன் வேலை எனக்குப் புரியாது என்று நினைக்காதே. நீ என்னை அழைத்துப்போய்க் காட்டியது அப்படியே இருக்கிறது. கரும்புக் காட்டுக்கு நடுவில், வானத்தைப் பார்க்க வைத்த, நம் வீட்டைவிடப் பெரிய கம்பிவலைக் கிண்ணங்கள், எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றன. வாசலிலேயே என் செல்போனை அணைக்கச் சொன்னார்கள். "பட்டப்பகல்ல என்னத்தடி பாக்குதுக? வெளிச்சத்துல நட்சத்திரம் தெரியுமா?" என்றேன். "இதுக்கு ராத்திரி பகல் கெடையாதும்மா. இது வெளிச்சத்தப் பாக்கல, ரேடியோவப் புடிக்குது." "அப்ப கேக்குதுன்னு சொல்லு." "கேக்கவும் இல்லம்மா. கூட்டுது." அப்புறம் பொறுமையாகச் சொன்னாய். மற்றவர்கள் படம் எடுத்துப் போடுகிற நட்சத்திரக் கூட்டங்கள் சோடித்த தேர் மாதிரி நிற்கும். நீ தேடுகிறவை அப்படி இல்லை. போடிமெட்டில் மஞ்சு மூட்டம் இறங்கும்போது தூரத்து மஞ்சு தெரியும், நாம் நிற்கிற இடத்து மஞ்சு தெரியாதே, அந்த மாதிரி மெலிந்து பரந்து கிடப்பவை. நட்சத்திரம் கொஞ்சம், வாயு நிறைய. வெறும் வானத்துக்கும் அதற்கும் மயிரிழை வித்தியாசம். அந்த வாயு விடுகிற முனகலை நாள் நாளாகப் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்ட வேண்டும். "கூட்டக் கூட்ட இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுக் கொறஞ்சிரும். உள்ளது மட்டும் நிக்கும்."

"எல்லா இரைச்சலுமா கொறையும்?" என்று நான் கேட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நல்லாக் கேட்டம்மா. ஒரே எடத்துல ஒரே மாதிரி வர்ற இரைச்சல் கொறையாது. அதுவும் சேந்து வளந்து உள்ளது மாதிரியே நிக்கும். அத மொதல்லயே வெட்டிறணும்." கெட்டுப்போன நேரங்களைக் கண்டுபிடித்து வெட்டுகிற அந்தச் சோலிதான் விமலாவுடையது என்று அன்று பெருமையாகச் சொன்னாய். அவளுக்கு மிஞ்சி ஆள் இல்லை என்றாய். இரண்டு பொங்கலுக்கு முன்னால் அவளை இங்கே கூட்டிவந்தாயே, அன்றும் முருங்கைக்கீரைதான். நான் குத்துமதிப்பாக உருவிப் போட்டதை அந்தப் பெண் முறத்தில் பரப்பி, பழுத்த இலை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். அவளா ஒன்பது மணி நேரத்தைக் கவனிக்காமல் விட்டிருப்பாள்?

போன வருஷம் நீ போன் செய்து "கண்டுபிடிச்சிட்டேம்மா" என்றபோது நான் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தேன். டீக்கடைக்காரர் கேட்டார், "என்னத்தக் கண்டுபிடிச்சா?" ஒரு நட்சத்திரக் கூட்டம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது என்றேன். "தெரியாததுக்கு எதுக்கு ஆத்தா ஜிலேபி? ஆராய்ச்சிக்குன்னு பொட்டிபுரம் மலையக் கொடையப் போறதாச் சொன்னாகளே, அந்தக் கூட்டமா ஒங்க மக?" "அவ வானத்தோட நிப்பாட்டிக்கிறவ. நீ தின்னுட்டுக் கையக் கழுவு" என்றேன். அவ்வளவு திமிராக நடந்தேன். அப்புறம் வேறு தேசத்துக்காரர்கள் அவர்களுடைய கருவியால் அதே இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லையே என்றார்கள். அவர்களுடைய கிண்ணங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்பதால், பரந்து கிடப்பது அவர்கள் கைக்கு நழுவிவிடும் என்று நீ சொன்னாய். அது சரியாகவும் இருக்கலாம். உன் கூட்டம் அங்கேயே இருக்கலாம். ஆனால் கணக்கை மறுபடி சரிபார்த்த உன் மேலதிகாரிகள் இப்போது கேட்பது அது இல்லை. வெட்ட வேண்டிய அந்த ஒன்பது மணி நேரம் எப்படி உள்ளே வந்தது, யார் விட்டது என்றுதான் கேட்கிறார்கள். விமலாவின் கவனக்குறைவு என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டாய். அவளைக் குழுவிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் அதையே நீ வாயால் சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணை வேறு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இதையெல்லாம் மறுநாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நீயேதான் சொன்னாய். நியாயம் பேசுகிறவள் மாதிரி ஆரம்பித்து, போகப்போக அவளைத் திட்டினாய். "அவ திமிரு புடிச்சவம்மா. நன்றி கெட்டவ. சாப்புடுறப்பகூடச் சத்தம் போட்டுத் திம்பா." விமலா சத்தம் போட்டுத் தின்கிறவள் இல்லை. என் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறாள். அது உன் வார்த்தையே இல்லை செல்வி, என் வார்த்தை. என்னோடு ஏலக்காட்டு வேலைக்கு வந்த பேச்சியைப் பற்றி இருபத்தாறு வருஷமாக நான் சொல்லிவருகிற வார்த்தை.

நான் வன்மம் வைப்பவள் என்று ஊருக்கே தெரியும். உன் சடங்குக்கு உன் பெரியம்மா கொண்டுவந்த பித்தளைக் குடத்தில் ஓட்டை இருந்தது. அவள் செத்து கருமாதி முடிந்தும் நான் அதை மன்னிக்கவில்லை. ஏலக்காய் எடுக்கப் போகிறவள் மகளுக்கு எதற்கு இயற்பியல் என்று கேட்ட டீச்சர் எதிரே வந்தால் இன்றைக்கும் தெருவின் அடுத்த பக்கம் போய்விடுவேன். ஆனால் இவையெல்லாம் சில்லறை வன்மங்கள். இவற்றுக்குக் காரணம் கேட்டால் உடனே சொல்வேன். பேச்சிமேல் வைத்ததற்கு மட்டும் நான் யாரிடமும் காரணம் சொன்னதில்லை. அவளுக்குக் கொள்ளிக்கண் என்று சொல்லி உன்னை வளர்த்தேன். பிள்ளையார் சதுர்த்திக்கு அவள் கொடுத்துவிட்ட கொழுக்கட்டையை உன் கையிலிருந்து பிடுங்கி வாசலில் எறிந்தேன். நீ ஏன் என்று கேட்டாய். சத்தம் போட்டுத் தின்கிறவள் செய்தது என்றேன். பத்தாவது படிக்கிற பிள்ளை, அதையும் காரணம் என்று எடுத்துக்கொண்டாய்.

காரணத்தை இப்போது சொல்கிறேன். அப்போது விடியுமுன் தெரு முக்கில் ஜீப்பு வந்து நிற்கும். பதினைந்து பேர் அடைந்துகொண்டு மெட்டைத் தாண்டி ஏலக்காட்டுக்குப் போவோம். எவளுக்கு எந்த இடம் என்பது கங்காணி சொல்வதுதான். எனக்குச் சன்னல் பக்கம், எனக்கு அடுத்து பேச்சி. காட்டிலும் அப்படித்தான். ஒரு நிரைக்கு இரண்டு பேர், நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், எடுத்த காயை இரண்டு பேரும் ஒரே சாக்கில் கொட்டுவோம். ஏலக்காய் உயரத்தில் காய்க்காது. செடியின் அடியில், தரையில் படர்கிற சரத்தில் இருக்கும். முட்டியை மடித்து உட்கார்ந்து, முற்றிய காயை மட்டும் கிள்ளிவிட்டுப் பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். முற்றியது விரல் பட்டாலே வரும். பிஞ்சு வராது, இழுத்தால் சரத்தையும் கிழித்துக்கொண்டு வரும். காய்ந்தால் சுருங்கிச் சருகாகிவிடும். எங்கள் செட்டில் என் இடுப்புப் பைதான் எப்போதும் முதலில் நிறையும். ஒரு சுற்றின்போது ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். விட்டுவிட்டுச் சாரல் வேறு. பேச்சியின் பை இரண்டு தடவை நிறைந்துவிட்டது, என்னுடையது பாதியில் கிடக்கிறது. "என்னக்கா, இன்னைக்குக் கை ஓடலையா? நான் வேணா ரெண்டு அள்ளிப் போடவா?" என்று சிரித்தாள். குத்திப் பேசவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு அது பொறுக்கவில்லை. பிஞ்சும் காயுமாக உருவ ஆரம்பித்தேன். பை நிறைந்தது.

காயை எடைபோடுகிற ஸ்டோரில் சாக்கைக் கொட்டியதும் தெரிந்துவிட்டது. கங்காணி ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் இரண்டு பேர் முன்னாலும் நீட்டினான். "இது யாரு கை?" சாரல் வலுத்திருந்தது, திரும்பக் காட்டுக்குள் போய்க் கிழிந்த சரம் எந்தப் பக்கம் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? பேச்சி என்னைப் பார்த்தாள். நான் கங்காணியைப் பார்த்தேன். அவள் பெயரை நான் சொல்லவில்லை செல்வி. இத்தனை வருஷம் அதைத்தான் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். நான் சொன்னதெல்லாம் "என் கையப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்பது மட்டும்தான். அது போதுமானதாக இருந்தது. சாயங்காலம் ஜீப்பு முக்கில் நின்றதும், "பேச்சி, நாளைக்கு நீ ஏற வேணாம்" என்றான். பிஞ்சு பறிக்கிறவள் என்று பேர் விழுந்தால் மற்ற ஜீப்புக்காரர்களும் ஏற்ற மாட்டார்கள். கொஞ்ச மாதம் இங்கேயே கிடந்து பார்த்தாள். அப்புறம் தேவாரத்துப் பக்கம் அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். மக்காச்சோளக் காட்டு வேலை, யானை வந்தால் தகரம் தட்டுகிற வேலை. அவள் போகிற வரைக்கும், போன பிறகும், அவளைக் கண்டால் எனக்கு ஆகவில்லை. நடை பிடிக்கவில்லை, சிரிப்பு பிடிக்கவில்லை, சாப்பிடுகிற விதம் பிடிக்கவில்லை. நமக்குத் துரோகம் செய்தவர்கள்மேல் வருகிற கோபம் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஆறும். நாம் துரோகம் செய்தவர்கள்மேல் வருகிற கோபம்தான் ஆறுவதே இல்லை. நீ விமலாவைத் திட்டியபோது என் குரல் உன் வாயில் கேட்டது. அப்படித்தான் உன் பொய்யை நான் கண்டுபிடித்தேன். அதற்கு எனக்குக் கிண்ணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நீ ஊருக்குப் போன பிறகு பல நாள் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நான் செய்யாததை உன்னைச் செய் என்று எப்படிச் சொல்வது? நேற்று பஸ்சேறித் தேவாரம் போனேன். பேச்சி வாசலில் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். கண் மங்கிவிட்டது போல. "யாரு?" என்றாள்.

"நான்தான்."

"நான்தான்னா? ஜனாதிபதியா?" அப்புறம் குரல் பிடிபட்டுவிட்டது. உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு அந்தப் பிஞ்சு என் கைடி, பேச்சி."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"ஒரே நெரையில ஒக்காந்து எடுத்தவளுக்கு ஒன் கை தெரியாதா? நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். ஜீப்புல வர்ற வழியெல்லாம் பாத்தேன். மறுநாளு முக்குல வந்து பாத்தேன். ஒரு வாரம் வந்து நின்னேன்டி. நீ சன்னலுப் பக்கம் திரும்பிக்கிட்ட."

"தப்புத்தான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"இங்க வந்து சொன்னா யானைதான் கேக்கும்" என்றாள். "எங்க என்னைய எறக்கிவிட்டாகளோ, அங்க வந்து சொல்லு."

இன்று காலை முதல் பஸ்சில் அவள் போடிக்கு வந்துவிட்டாள். முக்கில் ஜீப்பு நின்றது. ஏறுகிறவர்கள் எல்லாம் புதுப் பிள்ளைகள். பழைய கங்காணி செத்துப் பல வருஷமாகிறது. யாருக்கும் எங்கள் இரண்டு பேரையும் தெரியாது. வந்த வழியே வீட்டுக்குப் போய்விடலாமா என்று எனக்குக் கால் இழுத்தது. பேச்சி அசையாமல் நின்றாள். நான் வாயைத் திறந்தேன். இன்ன காட்டில், இன்ன நிரையில், பிஞ்சு பறித்தது நான், பழி இவள்மேல் விழுந்தபோது பேசாமல் இருந்தவள் நான் என்று சொன்னேன். ஒருத்தி, "ஏ பாட்டி, நேரமாகுது, வெரசாச் சொல்லி முடி" என்றாள். இன்னொருத்தி, "ரெண்டு பிஞ்சுக்கா இம்புட்டுப் பஞ்சாயத்து?" என்று சிரித்தாள். "சிரிச்ச வாய மூடு" என்றாள் பேச்சி. அவ்வளவுதான், ஜீப்பே அடங்கிவிட்டது. நான் மறுபடி முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

உன் பெயர் கெடும். அதை நான் மூடி மறைக்கவில்லை. உன் வேலைக்கே என்ன ஆகுமோ எனக்குத் தெரியாது. ஜிலேபி தின்றவர்கள் என்னைக் கேட்பார்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒன்பது மணி நேரத்தை வெட்டிவிட்டு மறுபடி கூட்டிப் பார். உள்ளதாக இருந்தால் நிற்கும் என்று நீதானே சொன்னாய்? நிற்காவிட்டால், நீ அதைப் பிஞ்சில் பறித்துவிட்டாய், அவ்வளவுதான். அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஆனால் நீ பேசாமல் இருக்கிறாயே, அது ஒரே மாதிரி வருகிற இரைச்சல். ஒவ்வொரு வருஷமும் சேர்ந்து வளர்ந்து, உண்மை மாதிரியே நின்றுவிடும். எனக்கே ஒரு கட்டத்தில் அது பேச்சியின் கையோ என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. கூட்டத்தில் பேசுவதற்கு முன்னால் விமலாவுக்குப் போன் போடு. எனக்குப் போட வேண்டாம். இந்த உறையை நான் ஒட்டவில்லை. கொரியர்காரன் படிப்பதானால் படிக்கட்டும்.

நான் சொல்லி முடித்ததும் பேச்சி என்ன செய்தாள் தெரியுமா? மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஜீப்புப் பக்கம் போனாள். சிரித்த அந்தப் பிள்ளையே கை கொடுக்க, கம்பியைப் பிடித்து, இரண்டு தடவை வழுக்கி, ஏறிப்போய் அவளுடைய பழைய இடத்தில், சன்னலுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஆத்தா, மெட்டுக்கா வர்றீக?" என்றான். "ஒக்காந்து பாக்க வந்தேன்" என்றாள். வண்டி இரைந்துகொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தில் அவள் தலை ஆடியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, வந்த மாதிரியே கம்பியைப் பிடித்து இறங்கினாள். என்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இப்ப எனக்குக் காயெடுக்க முட்டி மடங்க மாட்டேங்குது. அன்னைக்கு மடங்குச்சு."

அவள் பஸ்சுக்குப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். செல்வி, விமலாவுக்கு இன்னும் முட்டி மடங்கும்.

உன் அம்மா